இஸ்தோப்புக்கு ஏற்ற கொடித்தட்டி

லிந்துலைப் பகுதி வீட்டுத்தோட்டக்காரருக்கு ஆற்றிய பேச்சு



மலைநாட்டின் மேற்குச் சரிவிலே வாழும் உங்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைகாசியில் தொடங்கும் காற்றும் மழையும் புரட்டாசி வரையில் லயத்தின் இஸ்தோப்பை நனைத்த வண்ணமே இருக்கும். அதனைத் தடுக்கும் பொருட்டுப் பலர் உரச்சாக்கை வெட்டித் தொங்கவிடுகின்றனர். சிலர் பழைய தகரத்தைச் சாத்துகின்றனர். இவ்விரண்டினும் மேலான வழி, இஸ்தோப்பின் ஓரத்திலோ யன்னலின் உட்புறத்திலோ ஒரு தட்டியை நிறுத்தி, அதன் அடியில் மண் நிறைந்த சாடிகளை வைத்துக் கொடிகளை ஏறவிடுதலாகும். காற்றின் வேகம் தணியும்; வெளியார் பார்வை மறையும்; கறிக்கு ஒரு பிடி போஞ்சியும் கிடைக்கும். 2021-ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022-இல் நாடெங்கும் பண்டங்களுக்கும் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு உண்டானதும் பலரை வீட்டுத்தோட்டத்தின் பக்கம் திருப்பின. அவ்வேளையில் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு அவசரமாகக் கட்டிய தட்டியை இன்று மாற்றிக் கட்ட விரும்புவோர் உங்களுள் இருத்தல் கூடும். அவர்கள் எப்பொருளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

தட்டிக்குரிய பொருளைத் தெரியும்போது பெரும்பாலோர் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். விலை என்ன? எத்தனை நாள் உழைக்கும்? இவை தகுந்த கேள்விகளே. ஆயினும், இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. இப்பொருளை எரித்தால் என்ன ஆகும் என்பதே அது. நகரத்து மாடிவீட்டில் பழுதுற்ற தட்டி குப்பை வண்டியில் ஏறிச் சென்றுவிடும். தோட்டத்திலோ, உக்கிய கம்பும் உடைந்த சட்டமும் விறகாகவே கருதப்படும். மழைக்காலத்தில் உலர்ந்த விறகு கிடைப்பது அரிது; இஸ்தோப்பின் கூரைக்கடியில் காய்ந்து நிற்கும் தட்டியின் மேல் கண் செல்வது இயல்பே. ஆகவே, இஸ்தோப்பில் நிற்கும் மரம் எதுவும் என்றேனும் ஒருநாள் அடுப்பில் எரியும் என்று எண்ணிக்கொண்டே அதனை வீட்டுக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

இது வீண் அச்சமன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நாட்டுப்புறத்தில் எட்டுப் பேர் கொண்ட குடும்பமொன்று மூன்று ஆண்டுகளாக ஓர் இனந்தெரியாத நோயால் வருந்திற்று. குளிர்காலம் வந்தால் நோய் மிகும், கோடையில் தணியும். தாயும் கடைசிப் பிள்ளைகள் இருவரும் மிகுதியாகத் துன்புற்றனர், தலைமயிர் உதிர்ந்தது. ஆராய்ந்து பார்த்த மருத்துவர்கள், சமையலறையில் இருந்த சிறு விறகடுப்பே காரணம் எனக் கண்டனர். அதில் அவர்கள் எரித்து வந்தது உக்காமல் இருப்பதற்கு மருந்தூட்டிய ஒட்டுப்பலகை. அம்மருந்தில் பாஷாணம் என நாம் வழங்கும் ஆசனிக் இருந்தது. இச்செய்தி 1984-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. அடுப்பருகே நெடுநேரம் இருப்போர் தாயும் சிறு பிள்ளைகளுமே என்பதை அவ்விடத்தில் கவனித்தல் வேண்டும். நம் லயக்காம்பராவிலும் நிலைமை வேறன்று. அறை சிறிது, புகை வெளியேறும் வழி குறுகியது.

இம்மருந்து செம்பு, குரோமியம், ஆசனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த உப்புக் கலவை. இதனை 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் சொந்தி காமேசன் என்னும் இந்திய அறிஞர். கறையானும் பூஞ்சணமும் அணுகாத மரத்தை உண்டாக்கிய வகையில் அது பெரிய கண்டுபிடிப்பே. மின்கம்பங்களும் பாலங்களும் அதனால் பல்லாண்டு நிலைத்தன. வீட்டுக்குரியது அன்று என்பதே நாம் சொல்வது. அமெரிக்காவிலும் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்குரிய மரங்களுக்கு இம்மருந்தை ஊட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. மருந்தூட்டிய மரம் நின்ற நிலையில் சிறிது சிறிதாகவே நஞ்சைக் கசியவிடும். எரியும்போது அந்நஞ்சில் ஒரு பங்கு புகையோடு செல்ல, எஞ்சியது சாம்பலில் திரண்டு நிற்கும். சாம்பலை நாம் எறிந்துவிடுவதில்லை. பாத்திரம் துலக்குகின்றோம், பூச்சி அணுகாதிருக்கக் கீரையின் மேல் தூவுகின்றோம். இங்கேதான் கேடு இரட்டிக்கின்றது.

இத்தகைய மரத்தை அடையாளம் காண்பது எப்படி? புதிதாயின் வெட்டுமுகத்தில் இளம்பச்சை நிறம் தோன்றும். வெயிலிலும் மழையிலும் கிடந்து பழையதாயின் அந்நிறம் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும்; அப்பொழுது கண்ணால் அறிதல் அரிது. ஆகவே நிறத்தை நம்பாது, அது வந்த இடத்தை விசாரியுங்கள். மின்கம்பமாகவோ தொலைபேசிக் கம்பமாகவோ நின்ற மரத்தின் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இஸ்தோப்புக்கு வேண்டாம். றெயில் பாதையிலிருந்து கழற்றிய சிலிப்பர்க் கட்டையும் அவ்வாறே. அது நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கும் கிரியோசோட்டு எண்ணெயில் ஊறியதாக இருக்கலாம். வெயில் ஏறினால் அவ்வெண்ணெய் கசியும். தோலில் பட்டால் எரியும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களும் அதில் உள. கம்பின் அடிப்பாகத்துக்குக் கழிவு எஞ்சின் எண்ணெய் பூசும் வழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் சாடி மண்ணில் இறங்கும். அம்மண்ணில் விளைவதையே நாம் உண்கின்றோம்.

அடுத்ததாகக் கழித்துவிடப்பட்ட கதவுச் சட்டமும் யன்னல் சட்டமும். பார்வைக்கு இவை ஆயத்தமான தட்டிகள் போலவே இருத்தலால் ஆசை உண்டாகும். இலங்கையில் பூச்சுகளில் ஈயம் இருக்கத்தக்க அளவுக்கு வரம்பு விதித்த சட்டம் 2013 சனவரி முதலாந் தேதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு எதுவாயினும் ஈயம் உள்ளதெனக் கொள்வதே அறிவுடைமை. உரியும் பூச்சுச் செதில்கள் தரையில் விழும். தவழும் பிள்ளை பொறுக்கி வாயில் இடும். ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தடை செய்வது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாமே என்பீர்கள். சுரண்டும்போது பறக்கும் தூள் செதிலினும் கெட்டது. வேண்டாம்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடுகளைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. வெட்டினாலும் துளைத்தாலும் உடைத்தாலும் நுரையீரலுக்குப் பகையான நார் பறக்கும். அதில் தட்டி செய்ய முற்படாதீர்கள். கிருமிநாசினி வந்த போத்தல், கலன், பெட்டி ஆகியவற்றையும் அவ்வாறே விலக்குக.

உரச்சாக்கின் கதை சிறிது வேறானது. அதன் இழை வெயிலில் நொய்ந்து, ஓரிரண்டு ஆண்டில் தொட்டால் பொடியும் நிலையை அடையும். அப்பொடி மண்ணிலே கலந்து நெடுங்காலம் அழியாது கிடக்கும். நைலோன் கயிறும் நிழல்வலையும் உறுதியானவை. ஏற்கெனவே வாங்கிவைத்திருப்பீர்களாயின் எறிந்துவிட்டு வேறொன்று வாங்கச் சொல்லமாட்டோம். கிழியும் வரையில் பயன்படுத்துங்கள். ஆனால் எரிக்காதீர்கள். சிறப்பாக, நீர்க்குழாய் செய்யும் பீ.வீ.சீ. என்னும் பொருள் எரியும்போது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகையோடு டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் பிறக்கும். அடுப்பு மூட்டுவதற்கு ஒரு துண்டு பொலித்தீனைச் சொருகும் பழக்கம் எங்கும் உண்டு. அதனையும் விடுதல் நன்று.

தொழிற்சாலைக்குச் சரக்கோடு வரும் பலட் என்னும் மரத்தட்டுகளைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. நாடுகளுக்கிடையே செல்லும் மரப்பொதிகள் பூச்சி புழுவைக் கொண்டு செல்லாதிருக்க 2002-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒரு தரநியமத்தை ஏற்றுக்கொண்டன. அதன்படி பதம் செய்த பலட்டின் பக்கத்தில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை ஒன்று சுடப்பட்டிருக்கும். அம்முத்திரையில் எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெறும் சூட்டினால் பதம் செய்தது, அதனைக் கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட்டு என்னும் நச்சு வாயுவால் பதம் செய்தது, அதனை விட்டுவிடலாம். எந்த முத்திரை இருப்பினும், மருந்து ஏற்றி வந்த பலட்டும் எண்ணெய்க்கறை படிந்த பலட்டும் ஆகா.

விலக்க வேண்டியவற்றைச் சொன்னோம். இனிக் கொள்ள வேண்டியவற்றுள் தலையாயது மூங்கில். ஆற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் வளர்வது, வெட்ட வெட்டத் தழைப்பது, இலேசானது, எரித்தாலும் கேடு செய்யாதது. அதன்மேல் சொல்லப்படும் குறை, ஓராண்டுக்குள் துளைவண்டு அரித்து மாவாக உதிர்த்துவிடுகின்றது என்பதே. அது மூங்கிலின் குறையன்று, வெட்டும் முறையின் குறை. வண்டு நாடி வருவது மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்தை. இளங்கழியில் அது மிகுதி. ஆகவே மூன்று வயதுக்குக் குறைந்த கழியை வெட்டாதீர்கள். பளபளப்பு மறைந்து, கணுக்களில் வெண்புள்ளியும் பாசியும் படர்ந்து, தட்டினால் கணீர் என ஒலிப்பது முதிர்ந்த கழி. வெட்டிய கழிகளை உடனே பிளக்காமல், ஓடையில் கல்லேற்றி மூன்று நான்கு கிழமை அமிழ்த்தி வைத்தல் வேண்டும். மாச்சத்து நீரில் கரைந்து போகும். குடிநீர் எடுக்கும் பீலிக்கு மேற்புறத்தில் இதனைச் செய்தல் ஆகாது. ஊறிய மூங்கில் நாற்றமெடுக்கும். எடுத்தபின் கழுவி, நேர்வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி உலர்த்துக. காய்ந்த பின் அடுப்புக்கு மேலே பரணில் சில கிழமை புகையேற விட்டால் இன்னும் நன்று. நம் முன்னோர் முறமும் கூடையும் பரணில் வைத்தது இடம் போதாமையால் மட்டுமன்று.

மூங்கிலுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் ஊட்டுவதுண்டு. நாற்காலி, அலுமாரி முதலிய உலர்ந்த பண்டங்களுக்கு அது ஏற்ற மருந்து. கொடித்தட்டிக்கு நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. அம்மருந்து மரத்தோடு பிணைந்து நிற்பதன்று; நீர் பட்டால் கரைந்து இறங்கும். போரன் என்னும் அச்சத்து பயிருக்குச் சிறிதளவே வேண்டும். அளவு சற்றே கூடினும் இலையோரம் கருகும். அதற்கு மிகவும் நொய்ந்த பயிர்களுள் ஒன்று நம் போஞ்சி. சாடியில் உள்ள சிறிதளவு மண்ணில் அது வந்து சேருமாயின் பயிர் தாங்காது.

மருந்தில்லாத மூங்கில் மண்ணில் ஊன்றப்பட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டும், மழைபடாது கூரைக்கடியில் நின்றால் நான்கு முதல் ஏழு ஆண்டும் உழைக்கும். வேறுபாட்டை நோக்குங்கள். மருந்து செய்ய வேண்டிய வேலையை மண்ணோடு தொடர்பின்மையே செய்துவிடுகின்றது. ஆதலின் தட்டியின் காலைச் சாடிக்குள் ஊன்றாமல், சாடிக்குப் பின்புறமாகக் கல்லின்மேலோ செங்கல்லின்மேலோ நிறுத்தி, மேற்புறத்தைக் கூரை வளையோடு கட்டுக. கால்கள் ஈரமின்றி நிற்கும், காற்றுக்கும் சாயாது.

கவ்வாத்துக் காலத்தில் கிடைக்கும் தேயிலை மிலாறை நீங்கள் விறகாக மட்டுமே பார்க்கின்றீர்கள். அது கிளைத்துப் பிரிந்த உறுதியான குச்சி. பட்டாணி போன்ற குறுங்கொடிகளுக்கு அதனினும் சிறந்த பற்றுக்கோல் இல்லை. ஆயினும் கவ்வாத்துத் தழை மலையிலேயே கிடந்து உக்குதல் தேயிலை மண்ணுக்கு வேண்டியதாகையால், தோட்ட நிருவாகத்தின் இசைவோடு தடித்த குச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூக்கலிப்டஸ், கிரெவிலியா ஆகியவற்றின் கழித்த கிளைகளும் தட்டிக்கு உதவும். பட்டையை உரித்துவிட்டால் பூச்சி தங்காது.

காட்டுக்குள் சென்று இளமரங்களை வெட்டி வருவதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம். 1873-ஆம் ஆண்டிலேயே ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்குமாறு அறிவுறுத்தினார். கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலம் அது. அன்று எஞ்சிய காடுதான் இன்று உங்கள் பீலிகளுக்கு நீர் தருகின்றது. ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு கட்டுப் போஞ்சிக்கம்பு என்று அதிலிருந்து இழுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மரப்பன்னத்தின் தண்டும் இதில் அடங்கும். அந்தூரியமும் ஓர்கிட்டும் வளர்ப்போர் அதனை அறுத்து வந்து சாடியில் நிறுத்துவதைக் காண்கின்றோம். மெதுவாக வளரும் அம்மரம் ஓர் ஆள் உயரம் எய்தப் பல ஆண்டு செல்லும். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அதன் பெரும் பிரிவு இடம்பெற்றுள்ளது. அதற்கு மாற்றாகத் தென்னந்தும்பைக் கம்பில் சுற்றிக்கட்டிய தடி முற்றிலும் போதும்.

இயற்கைப் பொருள் என்பதற்காக மட்டும் ஒன்றை உயர்த்துவதும் சரியன்று. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் இரும்புக் கம்பியோ கோழிவலையோ இருந்தால், புதிதாக ஒரு மரத்தை வெட்டுவதைக் காட்டிலும் அதனைப் பயன்படுத்துவதே மேல். அது எரிவதில்லை; ஆகவே நாம் முதலிற் கேட்ட கேள்வி அதற்குப் பொருந்துவதுமில்லை. வெட்டிய முனைகளை உட்புறமாக மடித்து, பிள்ளைகளின் கண்ணுயரத்தில் கூர்முனை இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். போஞ்சித் தண்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு பருக்கும்போது கம்பி அறுத்துவிடும்.

கட்டுவதற்குத் தும்புக்கயிறே சிறந்தது. தென்னந்தும்பு உப்புநீரில் ஊறவைத்து எடுக்கப்பட்டதாயின் உப்பு எஞ்சியிருக்கக்கூடும். ஒருநாள் நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மீண்டும் ஒருநாள் ஊறவைத்துப் பின்பு பயன்படுத்துக. அந்தூரியம், மணிபிளாண்ட் முதலியவற்றுக்குச் சுற்றும் தும்புக்கு இது சிறப்பாக வேண்டும். இவ்விரண்டு செடிகளின் இலையையும் தண்டையும் குழந்தைகள் கடித்தால் வாய் அரித்து வீங்கும். சாடியை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பொருள் நல்லதாயினும் கொடியின் இயல்புக்கு ஒவ்வாவிடில் பயனில்லை. கொடிகள் ஏறும் விதத்தை ஆராய்ந்து சார்ள்ஸ் டார்வின் 1865-இல் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டவற்றை நம் இஸ்தோப்பிலேயே காணலாம். போஞ்சி தன் தண்டினாலேயே சுற்றி ஏறும். அதற்கு நிமிர்ந்த கம்பு வேண்டும், குறுக்குச்சட்டம் அதிகம் வேண்டியதில்லை. பட்டாணியும் கொடித்தோடையும் மெல்லிய தந்துகளால் பற்றுவன. பருத்த கம்பை அவற்றின் தந்து வளைத்துப் பிடிக்கமாட்டாது. குச்சியும் கயிறுமே ஏற்றவை. மணிபிளாண்ட் வேரினால் ஒட்டுவது. வழவழப்பான மூங்கிலில் வழுக்கும், ஈரமான தும்பில் பற்றும். சௌசௌக் கொடியை இஸ்தோப்புத் தட்டியில் ஏற்ற எண்ணாதீர்கள்; அதன் பாரம் தட்டியோடு கூரைவளையையும் இழுத்துவிடும். அதற்கு முற்றத்தில் தனிப்பந்தலே தகும்.

போஞ்சிக்கு மூன்றடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள தட்டி போதும். ஓரங்குல அகலத்தில் பிளந்த மூங்கிற் சிம்புகளை ஆறங்குல இடைவெளியில் நிமிர்த்தி, மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று குறுக்குச் சிம்பு வைத்துத் தும்புக்கயிற்றால் கட்டுக. பிளந்த ஓரம் கத்தி போன்றது, கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். கெப்பெட்டிபொல நில் போன்ற கொடியினப் போஞ்சி இதில் நன்கு ஏறும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் விழும் பக்கத்தையே தெரிந்துகொள்க. தை மாசிக் காலத்துப் பனி நீங்கிய பின் விதைத்தால் முளை கருகாது. நிறம் வேண்டுவோர் நீர்த்த சுண்ணாம்பு ஒரு பூச்சுப் பூசலாம். வேறு பூச்சு வேண்டியதில்லை.

இப்பொழுது உங்கள் இஸ்தோப்பில் நிற்கும் தட்டி ஐயத்துக்குரியதாக இருந்தால் யாது செய்வது? முதலில், அதனை எரிக்காதீர்கள். அயலாருக்கு விறகாகவும் கொடுக்காதீர்கள். பூச்சு உரியும் சட்டமாயின் ஈரத்துணியால் துடைத்து, செதில்களைத் திரட்டி, சாக்கிற் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்து, நகரசபையின் அல்லது பிரதேச சபையின் கழிவு சேகரிப்போரிடம் இன்னதென்று சொல்லி ஒப்படையுங்கள். அத்தட்டியின் அடியில் இருந்த சாடி மண்ணைக் கீரைக்கும் கிழங்குக்கும் பயன்படுத்தாமல் பூச்செடிக்கு விடுங்கள்.

புதிய தட்டியின் கட்டுகளைப் போகந்தோறும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். நொய்ந்த கயிற்றை அவிழ்த்துச் சிறு துண்டுகளாக வெட்டிக் குப்பைக் குழியில் இடலாம். உக்கிய சிம்பை அச்சமின்றி அடுப்பில் வைக்கலாம். நம் மலைமண் புளிப்பு மிகுந்தது. ஆகவே அச்சாம்பலில் ஒரு பிடியை அடுத்த போகத்துச் சாடி மண்ணோடு கலந்துகொள்ளுங்கள், போஞ்சிக்கு நல்லது.